பொத்தேரியா, கூடுவாஞ்சேரியா, மறைமலை நகரா? காட்டாங்குளத்தூர் கல்லூரிப் பக்கம் வாடகை வீடுகள்: ஒரு மதிப்பீடு

ஜூன் பிறந்துவிட்டால் ஜிஎஸ்டி ரோட்டில் ஊரப்பாக்கம் தொடங்கி மறைமலை நகர் வரை டூ-லெட் போர்டு எதுவும் அதிக நாள் தொங்காது. எஸ்.ஆர்.எம். பல்கலைக்கழகத்தின் காட்டாங்குளத்தூர் வளாகம் ஒன்றுக்காகவே ஆந்திரா, தெலங்கானா, கேரளா, வடமாநிலங்கள் என்று எல்லாத் திசையிலிருந்தும் பிள்ளைகள் வருகிறார்கள். முதல் வருஷம் ஹாஸ்டலில் இருந்துவிட்டு இரண்டாம் வருஷம் வெளியே வீடு தேடுபவர்கள்தான் இதில் பெரிய கூட்டம். வண்டலூர்ப் பக்கம் கிரசென்ட் பல்கலைக்கழக மாணவர்களும் கிட்டத்தட்ட இதே வீடுகளைத்தான் பார்க்கிறார்கள். இத்தனை பேருக்கும் ஓனர் சொல்வது ஒரே வாக்கியம்: "இன்னிக்கு டோக்கன் போடலன்னா நாளைக்கு வீடு இருக்காது தம்பி." அந்த அவசரத்தில் வீட்டுக்குள் ஒரு குழாயைக்கூடத் திறந்து பார்க்காமல் அட்வான்ஸ் கொடுத்துவிடுகிறார்கள்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். நாலு பேர் சேர்ந்து இரண்டு பெட்ரூம் வீடு எடுப்பதென்றால் கூடுவாஞ்சேரி, அதுவும் தெருவைப் பார்த்து. ராத்திரி லேபில் தங்கும் வேலை, ஆஸ்பத்திரி டூட்டி இருப்பவர்களுக்குப் பொத்தேரி, வாடகை கூடினாலும் பரவாயில்லை. அப்பா அம்மாவும் கூட வந்து இருக்கப்போகிறார்கள் என்றால் மறைமலை நகர். ஊரப்பாக்கம், கல்லூரி பாதி, சென்னையில் இன்டர்ன்ஷிப் பாதி என்று இருக்கும் கடைசி வருஷக்காரர்களுக்கு மட்டும்.

பொத்தேரி

கல்லூரி வாசல், ஜிஎஸ்டி ரோடு, பொத்தேரி ரயில் நிலையம் எல்லாம் நடந்து போகும் தூரத்தில் இருக்கின்றன. இந்த ஊரின் விலையே அதுதான். எட்டு மணி வகுப்புக்கு ஏழரைக்கு எழுந்து போகலாம். ராத்திரி பதினொரு மணிக்கும் டீக்கடை, தோசைக்கடை, ஜெராக்ஸ் கடை திறந்திருக்கும். பேச்சிலர் என்றால் முகம் சுளிக்கும் ஓனர்களும் இங்கே குறைவு, பிழைப்பே மாணவர்களை நம்பித்தானே.

ஆனால் "கல்லூரிக்கு 500 மீட்டர்" என்று போட்டிருப்பதை அப்படியே நம்பக் கூடாது. ரயில் பாதையும் ஜிஎஸ்டி ரோடும் பக்கத்துப் பக்கத்தில் ஓடுகின்றன. வீடு தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம் என்றால் வரைபடத்தில் 500 மீட்டர், காலுக்கு ஒன்றரை கிலோமீட்டர். நடை மேம்பாலம் எங்கே, பைக்குக்கு வழி எங்கே, அந்த வழியில் மழைத் தண்ணீர் நிற்குமா என்று கேளுங்கள். பகலில் ஒருமுறையும் ராத்திரி ஒன்பது மணிக்கு ஒருமுறையும் வீட்டிலிருந்து கல்லூரி வாசல் வரை நடந்தே போய்ப் பாருங்கள். ஜிஎஸ்டி ரோட்டில் பஸ், லாரி, கன்டெய்னர் எல்லாம் வேகம் குறைக்காமல் போகும். டிவைடர் இடைவெளியில் ஓடிக் கடப்பது இங்கே தினசரி வழக்கமாகிவிட்டது. அந்த வழக்கத்தை நம்பி வீடு எடுக்க வேண்டாம்.

பொத்தேரியின் இன்னொரு குறை, வாடகையை வீட்டுக்கு என்று சொல்லாமல் தலைக்கு என்று சொல்வது. இரண்டு பெட்ரூம் வீட்டில் ஆறு கட்டில் போட்டு, ஆளுக்கு இவ்வளவு என்பார்கள். அது பிஜியே (பேயிங் கெஸ்ட் விடுதி) தவிர வீடு இல்லை. ஒருவர் காலி செய்தால் அந்தக் கட்டிலுக்கு யார் வருவார் என்பதை ஓனர் முடிவு செய்வார். பிஜி என்று தெரிந்தே போவதில் தப்பில்லை. தனி வீடு என்று நினைத்துக்கொண்டு போவதுதான் பிரச்சினை.

கூடுவாஞ்சேரி

பொத்தேரிக்கு ஒரே ஸ்டேஷன் தூரம். மின்சார ரயில், ஜிஎஸ்டியில் ஓடும் ஷேர் ஆட்டோ, தாம்பரம்–செங்கல்பட்டு பஸ் மூன்றும் இருக்கின்றன. தாம்பரத்தைத் தாண்டி செங்கல்பட்டு வரை வரும் மின்சார ரயில்கள் தாம்பரத்தோடு நிற்பவற்றைவிடக் குறைவு. "அஞ்சு நிமிஷத்துக்கு ஒரு ட்ரெயின்" என்று புரோக்கர் சொன்னால் அது தாம்பரத்துக் கணக்கு. தினமும் ரயில் என்றால் மாணவர் சீசன் டிக்கெட் எடுத்துவிடுங்கள், செலவு மிகவும் குறையும். கல்லூரியில் அதற்கான படிவத்தில் கையெழுத்தும் முத்திரையும் வாங்க வேண்டும், செமஸ்டர் தொடக்கத்தில் அதற்கு வரிசை நிற்கும்.

ஊர் என்ற முறையில் கூடுவாஞ்சேரி முழுசானது: மார்க்கெட், மளிகை, மருந்துக்கடை, மெக்கானிக், கிளினிக் எல்லாம் நடக்கும் தூரம். அபார்ட்மென்ட்களும் தனி வீடுகளும் நிறைய. ஸ்டேஷனிலிருந்து தள்ளிப் போகப் போக வாடகை இறங்கும். நெல்லிக்குப்பம் ரோட்டில் காயரம்பேடு வரை போனால் அதே வாடகைக்கு இன்னொரு ரூம் கிடைக்கும். ஆனால் அங்கே பைக் இல்லாமல் முடியாது. நாலு பேருக்கு இரண்டு பைக் பெட்ரோல் போட்டால் மிச்சம் பிடித்த வாடகை அதிலேயே போய்விடும்.

கூடுவாஞ்சேரியில் தெரு பார்க்க வேண்டும் என்று மேலே சொன்னது வெள்ளத்துக்காக. நந்திவரம் ஏரி நிறைந்து வழியும் வருஷங்களில் மகாலட்சுமி நகர் போன்ற தாழ்வான பகுதிகளில் தண்ணீர் புகுந்த செய்தி வராத மழைக்காலம் குறைவு. ஊரப்பாக்கத்திலும் தாழ்வான நகர்களுக்கு இதே கதைதான். வீடு தேடுவது ஜூனில், தண்ணீர் வருவது நவம்பரில். ஆகவே ஜூனில் பார்க்கிற வீட்டில் நவம்பரின் தடயத்தைத் தேட வேண்டும்.

தடயம் இருக்கும். காம்பவுண்ட் சுவரின் வெளிப்பக்கம், பக்கத்துக் காலி மனையின் சுவர், தெருக்கோடி ட்ரான்ஸ்ஃபார்மர் மேடை இவற்றில் ஒரே மட்டத்தில் பழுப்புக் கோடு ஓடுகிறதா பாருங்கள். பெயின்ட் அடித்த வீட்டில் கோடு தெரியாது, பக்கத்துக் காலி மனைச் சுவருக்கு யாரும் பெயின்ட் அடிப்பதில்லை. தெருவில் எல்லா வீட்டு வாசலிலும் ஒன்றரை அடி, இரண்டு அடி என்று படி உயர்த்திக் கட்டியிருந்தால் அது அழகுக்குக் கட்டியது கிடையாது. மின் மீட்டர் பெட்டி வழக்கத்தைவிட உயரத்துக்கு மாற்றப்பட்டு, பழைய இடத்தில் நாலு ஓட்டை மட்டும் இருந்தால், ஒருமுறையாவது மீட்டர் நனைந்திருக்கிறது என்று எடுத்துக்கொள்ளுங்கள். கடைசியாக, எதிர் வீட்டு அம்மாவிடமோ தெருமுனை மளிகைக் கடைக்காரரிடமோ, "2015-லயும் 2023 டிசம்பர் புயல்லயும் இங்க தண்ணி எதுவரைக்கும் வந்துச்சு?" என்று கேளுங்கள். "தண்ணி வருமா?" என்று கேட்டால் "வராது" என்பார்கள். எதுவரை என்று கேட்டால் முழங்காலையோ இடுப்பையோ தொட்டுக் காட்டுவார்கள்.

ஊரப்பாக்கம்

2023 டிசம்பர் 30-இல் கிளாம்பாக்கம் பஸ் நிலையம் திறந்த பிறகு இந்த ஊரின் மதிப்பு ஏறியிருக்கிறது. மதுரை, திருச்சி, நெல்லை என்று தெற்கே ஊருக்குப் போகும் பிள்ளைகளுக்கு அரசு விரைவுப் பஸ் வீட்டுக்குப் பக்கத்திலேயே கிடைக்கும். தாம்பரமும் பக்கம். பொத்தேரிக்கு இரண்டு ஸ்டேஷன். ஆனால் தீபாவளி, பொங்கலுக்கு முந்தின சாயங்காலங்களில் ஜிஎஸ்டியில் வண்டி நகராது, பரீட்சை நேரத்தில் அப்படி ஒரு நாள் மாட்டினால் ரயில்தான் கதி. ரயில் நிலையத்துக்கு நடந்து போகிற வீடாக இருந்தால் மட்டும் ஊரப்பாக்கம் சரிவரும்.

மறைமலை நகர்

தெற்குப் பக்கம் காட்டாங்குளத்தூர், அடுத்து மறைமலை நகர். இதுவும் பொத்தேரியிலிருந்து இரண்டாவது ஸ்டேஷன்தான். திட்டமிட்டுப் பிரித்த துணை நகரம் என்பதால் தெருக்கள் அகலம், மனைகள் ஒழுங்கு, மரம் உண்டு. தொழிற்பேட்டைக் குடும்பங்களை நம்பிக் கட்டிய வீடுகள் நிறைய, அதனால் ரூம்கள் பெரிது, சமையலறை சமையலறையாகவே இருக்கும். ஓனர்கள் மாதச் சம்பளக்காரர்களுக்குப் பழகியவர்கள், மாணவர் நாலு பேர் என்றதும் தயங்குவார்கள். ஒரு பெற்றோர் பெயரில் அக்ரிமென்ட், சனி ஞாயிறு யாராவது பெரியவர் வந்து போவார் என்றால் பல கதவுகள் திறக்கும். ராத்திரி எட்டரைக்கு மேல் சாப்பாட்டுக் கடை தேட வேண்டியிருக்கும் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

குழாயிலிருந்து தொடங்குங்கள்

ஊர் எதுவானாலும் வீடு பார்க்கப் போகும் நேரம் காலை ஏழரைக்கும் எட்டரைக்கும் நடுவில் இருக்கட்டும். கட்டடமே குளிக்கும் நேரம் அது. அப்போது மேல்மாடிக் குழாயில் வரும் வேகம்தான் உண்மையான வேகம். சாயங்காலம் நாலு மணிக்கு எந்த வீட்டிலும் தண்ணீர் கொட்டும்.

இந்தப் பகுதி வீடுகள் பெரும்பாலும் போர்வெல்லை நம்பியவை. தண்ணீரில் எவ்வளவு உப்பு கரைந்திருக்கிறது என்று காட்டும் டிடிஎஸ் மீட்டர் இருநூறு முந்நூறு ரூபாய்க்கு ஆன்லைனில் கிடைக்கும், நாலு பேரும் பங்கு போட்டு வாங்கிக்கொள்ளுங்கள். இந்தியத் தர நிர்ணயம் குடிநீருக்கு லிட்டருக்கு 500 மில்லிகிராமை ஏற்ற அளவு என்றும், வேறு நீர் இல்லாத இடத்தில் 2000 வரை பொறுக்கலாம் என்றும் சொல்கிறது. குளிக்க, துவைக்க 1000-க்குக் கீழே இருந்தால் சமாளிக்கலாம். 1500-ஐத் தாண்டினால் சோப்பு நுரைக்காது, முடி கொட்டுகிறது என்று புலம்பல் தொடங்கும், கீசர் காயிலில் உப்புப் படிந்து சுடுதண்ணி வர நேரமாகும், வாஷிங் மெஷின் வால்வு அடைக்கும். மீட்டர் கையில் இல்லையென்றால் பாத்ரூம் குழாயின் வாயையும் ஷவர் தலையையும் பாருங்கள். வெள்ளைச் சுண்ணாம்பு மாதிரி கட்டியாக ஒட்டியிருந்தால் அதுவே போதும்.

குடிக்க எப்படியும் 20 லிட்டர் கேன்தான். நாலு பேர் குடித்து, சமைத்து, டீ போட்டால் இரண்டு நாளுக்கு ஒரு கேன், மாதம் பதினைந்து. மூன்றாம் மாடிக்கு லிஃப்ட் இல்லையென்றால் கேன்காரர் தூக்குக் கூலி தனியாகக் கேட்பார், அல்லது கீழேயே வைத்துவிட்டுப் போவார். மே மாதம் போர் வற்றினால் லாரித் தண்ணீர் வரும். அந்தச் செலவு மெயின்டனன்ஸில் அடக்கமா, தனியா என்பதை அட்வான்ஸுக்கு முன்னால் கேட்டு எழுதி வாங்குங்கள். கோடையில் மெயின்டனன்ஸ் திடீரென்று ஏறுவதற்கு முதல் காரணம் லாரித் தண்ணீர்.

அடுத்தது செப்டிக் டேங்க். இதை யாரும் கேட்பதில்லை, கேட்கக் கூச்சப்படுகிறார்கள். பாதாளச் சாக்கடை இணைப்பு இல்லாத சின்ன அபார்ட்மென்ட்களில் எல்லாக் கழிவும் ஒரே தொட்டிக்குப் போகும். வீட்டுக்கு மூன்று நாலு பேர் என்று கணக்குப் போட்டுக் கட்டிய தொட்டி, வீட்டுக்கு ஆறு மாணவர்கள் குடியேறும்போது பாதிக் காலத்திலேயே நிறைந்துவிடும். மழைக்காலத்தில் நிலத்தடி நீர் மேலே வந்தால் தொட்டித் தண்ணீர் வெளியே ஊறாது. அப்போது தரைத்தளக் கழிப்பறையில் ஃபிளஷ் செய்தால் தண்ணீர் இறங்காமல் நிற்கும், சில சமயம் மேலே வரும். தரைத்தள வீடு மலிவாகக் கிடைப்பதற்கு இதுவும் ஒரு காரணம். கழிவுநீர் லாரி கடைசியாக எப்போது வந்தது, எத்தனை மாதத்துக்கு ஒருமுறை, காசு யார் தருவது என்று வாட்ச்மேனைக் கேட்டால் சரியான பதில் கிடைக்கும்.

கரன்ட்

தமிழ்நாட்டில் வீட்டு இணைப்புக்கு இரண்டு மாதத்துக்கு ஒரு பில், அதில் முதல் 100 யூனிட் இலவசம். மொத்தம் 500 யூனிட்டைத் தாண்டினால் 101 முதல் 200 வரை கிடைத்த மலிவு விலையும் போய்விடும், 500-க்கு மேலே ஒவ்வொரு யூனிட்டும் எட்டு ரூபாயைத் தாண்டும். சாதாரண ஒன்றரை டன் ஏசி ராத்திரி எட்டு மணி நேரம் ஓடினால் ஏழெட்டு யூனிட். அறுபது ராத்திரிக்கு 420 முதல் 480 வரை. ஆக ஒரே ஏசியுள்ள வீடு ஃபேன், ஃபிரிட்ஜ், கீசர் சேர்ந்து 500-ஐத் தொடும். இரண்டு ஏசி வீடு கோடையில் ஆயிரத்தைத் தாண்டும். இன்வெர்ட்டர் ஏசி இருந்தால் கணக்கு கணிசமாகக் குறையும், எனவே "ஏசி இருக்கு" என்றால் என்ன ஏசி, எந்த வருஷத்து ஏசி என்று ஸ்டிக்கரைப் பாருங்கள்.

ஏமாற்று நடப்பது சப்-மீட்டரில். ஒரே இணைப்பில் மூன்று போர்ஷன், ஒவ்வொன்றுக்கும் சின்ன மீட்டர், யூனிட்டுக்கு இவ்வளவு என்று ஓனர் வசூலிப்பார். இலவச 100 யூனிட் இணைப்புக்கு ஒன்றுதான், அது உங்கள் பங்குக்கு வராது. மூன்று வீட்டு உபயோகமும் ஒரே பில்லில் சேர்வதால் விலையும் மேல் அடுக்கில் விழும். வீட்டுக்கென்று தனி மின் இணைப்பு எண் இருக்கிறதா என்று கேட்டு, அந்த எண்ணுக்கான முந்தைய ஏப்ரல்–மே பில்லைப் பார்த்துவிட்டால் வாக்குவாதமே வேண்டாம்.

சமையலுக்கு இன்டக்‌ஷன் வைப்பவர்கள் சமையலறைச் சுவிட்ச்சைப் பாருங்கள். 2000 வாட் அடுப்பு ஒன்பது ஆம்பியர் அளவுக்கு இழுக்கும். 6 ஆம்பியர் சாக்கெட்டில் அடாப்டர் போட்டுச் சொருகினால் இரண்டாவது வாரம் பிளாஸ்டிக் கருகும் வாசனை வரும். 16 ஆம்பியர் பெரிய சாக்கெட் இல்லையென்றால் ஓனரைப் போட்டுத் தரச் சொல்லுங்கள், அல்லது முகவரிச் சான்று கேட்காத 5 கிலோ காஸ் சிலிண்டர் வாங்குங்கள்.

பணமும் பத்திரமும்

ஒரு கணக்கு. வாடகை 16,000, மெயின்டனன்ஸ் 2,000, நாலு பேர். ஆளுக்கு மாதம் 4,500 என்று தோன்றும். மே, ஜூன் இரண்டு மாதமும் வீடு பூட்டிக் கிடக்கும், வாடகை ஓடும். வருஷத்துக்கு 2,16,000, தலைக்கு 54,000. இருந்த பத்து மாதத்துக்குப் பிரித்தால் 5,400. ஹாஸ்டலோடு ஒப்பிட வேண்டியது இந்த எண்ணை, அதன் மேல் கரன்ட், கேன், காஸ், சமையல்கார அக்கா சம்பளம் எல்லாம் சேர்த்து. முதல் நாள் கையில் வேண்டியது இன்னொரு கணக்கு: மூன்று மாத அட்வான்ஸ் 48,000, புரோக்கருக்கு ஒரு மாதம் 16,000, முதல் மாதம் 18,000. மொத்தம் 82,000, தலைக்கு 20,500. நடுவில் ஒருவர் விலகினால் மற்ற மூவருக்கும் மாதம் 6,000 ஆகும். விலகுபவர் ஆள் பிடித்துத் தர வேண்டுமா, அட்வான்ஸ் பங்கை யார் தருவது என்று நாலு பேரும் ஒரு தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டுக்கொள்ளுங்கள். சண்டை ஓனரோடு வருவதைவிட ரூம்மேட்டுகளுக்குள் வருவதுதான் அதிகம்.

சென்னைப் பழக்கத்தில் பத்து மாத அட்வான்ஸ் கேட்ட காலம் உண்டு. 2017-இல் இயற்றி 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டு வாடகைச் சட்டப்படி, வேறு விதமாக ஒப்பந்தம் போடாதவரை அட்வான்ஸ் மூன்று மாத வாடகைக்கு மேல் போகக் கூடாது. "வேறு விதமாக ஒப்பந்தம்" என்ற இடத்தில்தான் ஓனர்கள் நுழைவார்கள், கையெழுத்துப் போடுமுன் அந்த வரியைப் படியுங்கள். அக்ரிமென்ட் எழுத்தில் இருக்க வேண்டும், வாடகை அதிகாரியிடம் பதிவாக வேண்டும். தகராறு என்று வந்தாலும் ஓனர் தண்ணீரையோ மின்சாரத்தையோ நிறுத்தக் கூடாது. உள்ளே வந்து பார்ப்பதென்றால் 24 மணி நேரம் முன்னால் சொல்ல வேண்டும். இதைச் சொன்னால் முறைக்கிற ஓனரும் உண்டு. "சரிப்பா, எழுதிக்கலாம்" என்கிற ஓனரும் உண்டு, வீடு கொஞ்சம் பழசானாலும் இரண்டாமவரிடம் எடுங்கள்.

அக்ரிமென்ட்டில் மாணவர்களுக்கு எதிராக வேலை செய்கிற வரிகள் இரண்டு. ஒன்று லாக்-இன்: 11 மாதத்துக்கு முன் காலி செய்தால் அட்வான்ஸில் பிடித்தம். கோடையில் காலி செய்யும் எண்ணம் இருந்தால் லாக்-இன் ஏப்ரலோடு முடியும்படி தேதி போடுங்கள். மற்றொன்று பெயின்ட்டிங்: காலி செய்யும்போது ஒரு மாத வாடகை கழிப்பது இங்கே ஊர் வழக்கம். வரும்போது புது பெயின்ட் அடித்துக் கொடுக்கவில்லை என்றால், போகும்போது அந்தப் பிடித்தமும் இல்லை என்று எழுதச் சொல்லலாம், பாதிக்குப் பாதியாவது ஒத்துக்கொள்வார்கள்.

சாவி வாங்கும் அன்றே, சாமான் ஏற்றுவதற்கு முன், வெறும் வீட்டை வீடியோ எடுங்கள். ஒவ்வொரு சுவரும், சமையல் மேடையின் விரிசலும், கதவுத் தாழ்ப்பாளும், உடைந்த டைல்ஸும், மீட்டர் ரீடிங்கும் வரட்டும். எடுத்ததை அன்றைக்கே ஓனரின் வாட்ஸாப்புக்கு அனுப்பிவிடுங்கள். காலி செய்யும் நோட்டீஸும் வாட்ஸாப்பில் எழுத்தாகவே போகட்டும். சட்டப்படி காலி செய்த ஒரு மாதத்துக்குள், உரிய பிடித்தம் போக, அட்வான்ஸ் திரும்ப வேண்டும். மே மாதக் கடைசியில் எல்லாரும் ஊருக்கு ரயில் ஏறிவிட்டால் வாங்க ஆள் இருக்காது, நாலு பேரில் செங்கல்பட்டு, சென்னைப் பக்கத்துப் பையன் ஒருவன் இருந்தால் அக்ரிமென்ட்டில் முதல் பெயர் அவனுடையதாக இருக்கட்டும்.